மச்சினனுக்குப் போட்ட தாழ்ப்பாள்

வீட்டில் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதில்லை என்பது என் கொள்கை. ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் பதினோரு வருஷமாக மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் நான். எட்டு மணி நேரம் அங்கே திருகிவிட்டு வீட்டுக்கு வந்தும் திருகினால், மனுஷனுக்கும் ஸ்பானருக்கும் என்ன வித்தியாசம்? இதை என் மனைவியிடம் விளக்கிச் சொன்னேன். ஸ்பானர் கொஞ்சம் உபயோகப்படும், அதுதான் வித்தியாசம் என்றாள்.

பெயரைச் சொல்லிவிடுகிறேன். நான் ஏகாம்பரநாதன், அவள் பெருந்தேவி. பெரிய காஞ்சிபுரத்துச் சாமி பெயர் எனக்கு, சின்ன காஞ்சிபுரத்துத் தாயார் பெயர் அவளுக்கு. கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தவர்கள் எல்லாரும் பொருத்தம் பிரமாதம் என்றார்கள். குடித்தனம் வந்த பிறகுதான் எது பெரியது, எது சின்னது என்று எனக்குத் தெரிந்தது.

வல்லம் வடகாலில் வாடகை வீடு. ரோட்டைப் பார்த்து ஒரு ஹால், நடுவில் சமையலறை, பின்பக்கம் ஒரு ரூம். கன்டெய்னர் லாரி போனால் ஹாலில் வைத்த டீ தானாகக் கலங்கும், சர்க்கரைக்கு ஸ்பூன் தேவையில்லை. மனுஷன் தூங்க முடிந்த ஒரே இடம் அந்தப் பின்பக்கத்து ரூம். நைட் ஷிப்ட் வாரத்தில் காலை ஏழு மணிக்கு வந்து அதில் விழுந்தால் மத்தியானம் மூன்று வரை நான் இந்த உலகத்தில் இல்லை. சம்பளம், போனஸ் எல்லாம் அப்புறம். அந்தத் தூக்கத்துக்காகத்தான் உயிரோடு இருக்கிறேன்.

அந்த ரூம் கதவுக்கு எட்டு மாதமாக உடம்பு சரியில்லை. மேல் கீல் தளர்ந்து கதவு தொங்கிவிட்டது. முக்கால்வாசி சாத்தும், பிறகு தரையில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்யும். தாழ்ப்பாள் ஓரிடம், அது நுழைய வேண்டிய ஓட்டை அரை அங்குலம் மேலே. புருஷன் பெண்டாட்டி மாதிரி, பக்கத்திலேயே இருக்கும், ஒத்துப்போகாது.

"இன்னாங்க, அந்தக் கதவ இன்னிக்காவது பாப்பீங்களா?"

"இன்னா ஆச்சு அதுக்கு?"

"மரை கழண்டுபோச்சு."

"ஸ்பேர் வரணும் தேவி."

"இன்னா ஸ்பேரு?"

"ஸ்க்ரூ."

"ஒரு நாளிக்கு ரெண்டாயிரம் ஸ்க்ரூ போடுறவ நானு. எங்கிட்டயே ஸ்க்ரூ இல்லன்றீங்க."

அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் அசெம்பிளி லைனில் ஆபரேட்டர். சொல்லில் உண்மை இருந்தது.

"அப்ப நீயே போட்டுக்கயேன்."

"ஒங்க டிபார்ட்மென்ட் வேலய நா ஏன் செய்யணும்? அங்க லைன் நாலு நிமிஷம் நின்னா விழுந்தடிச்சிகினு ஓடுறீங்க. இங்க கதவு எட்டு மாசமா நிக்குது."

"கதவுன்னா நிக்கத்தான் செய்யும். நடக்கவா செய்யும்?"

"மரை கதவுக்கு மட்டும் கழலல," என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போனாள். கொள்கை ஜெயித்தது.

போன சனிக்கிழமை சாயங்காலம் வரை ஜெயித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு ஒரு தட்டு முறுக்கை என் முன்னால் வைத்தாள். கேட்காமல் முறுக்கு வந்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"தம்பிக்கு ஸ்ரீபெரும்புதூர்ல வேல கெடச்சிருக்குங்க. நைட் ஷிப்ட். திங்கக்கெழம வரான்."

ஜெகதீஷ். என் மச்சினன். போன தடவை இரண்டு நாள் என்று வந்தான். இரண்டு சிலிண்டர் தீர்ந்த பிறகுதான் கிளம்பினான்.

"எங்க தங்குவான்?"

"இதென்ன கேள்வி, நம்ம வூட்லதான். பகல்ல ரூம்ல படுத்துக்கட்டும். நீங்க ஹால்ல படுத்துக்கங்க. அவன் சின்னப் பையன், சத்தத்துல தூக்கம் வராது."

"எனக்கு மட்டும் வருமா?"

"நீங்க மெஷின் சத்தத்துலயே ஊறுனவரு."

"எத்தினி நாளு?"

"ரூம் கெடைக்கிற வரைக்கும்."

"அதான் ஏற்கெனவே கெடச்சிடுச்சே, என் ரூமு."

அவள் இன்னொரு முறுக்கை எடுத்து என் கையில் கொடுத்தாள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

முறுக்கைக் கடித்தபடி கணக்குப் போட்டேன். வருகிற வாரம் எனக்கும் நைட் ஷிப்ட், என் கம்பெனி பஸ் காலை ஏழுக்கு வரும். அவன் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்து சேர ஏழரை. நடுவில் அரை மணி நேரம். நான் முந்திக்கொண்டு ரூமுக்குள் போய், கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டுவிட்டால் ஜெகதீஷ் என்ன, ஜில்லா கலெக்டரே வந்தாலும் ஹாலில்தான் உட்கார வேண்டும். அருமையான திட்டம். ஒரே ஒரு குறை, கதவு சாத்தாது. சாத்தாத கதவு உள்ள ரூம் பஸ் ஸ்டாண்டு மாதிரி, யார் வேண்டுமானாலும் வந்து படுக்கலாம்.

மனுஷனுக்காகத்தான் கொள்கை, கொள்கைக்காக மனுஷன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கன்னியப்பன் ஹார்டுவேர்ஸ் திறக்கும்போதே வாசலில் நின்றேன்.

"இன்னா ஏகா, கம்பெனிக்கா?"

"வூட்டுக்கு."

கன்னியப்பன் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "வூட்ல எல்லாரும் நல்லாத்தான கீறாங்க?"

"நல்லா கீறாங்க. ரெண்டு அங்குல ஸ்க்ரூ ஒரு டஜன் குடு. யான முட்டுனாலும் தொறக்காத தாழ்ப்பா ஒண்ணு குடு."

"ஒரகடத்துல ஏதுப்பா யான?"

"மச்சினன் வரான்."

கன்னியப்பன் எடுத்து வைத்த தாழ்ப்பாளை உள்ளே போட்டுவிட்டு அதைவிடப் பெரியதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவருக்கும் மச்சினன் உண்டு.

வேலை என்று இறங்கிவிட்டால் நான் சுத்தமாகச் செய்வேன், பெருமைக்குச் சொல்லவில்லை. தொங்கும் கதவை ஆசாரிகூட முதலில் அடியில்தான் சீவுவார். தப்பு. வியாதி மேலே இருக்கிறது. மேல் கீலின் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன், ஓட்டை அகன்று பொக்கை வாயாகிவிட்டிருந்தது. தீக்குச்சிகளின் தலையைக் கிள்ளி, பசையில் தோய்த்து, ஓட்டைக்குள் அடைத்து, காய்ந்த பிறகு நீள ஸ்க்ரூவை ஏற்றினேன். கதவு நிமிர்ந்தது. விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்து ஒருமுறை சாத்தித் திறந்தேன். நிலையில் எங்கே வெள்ளை ஒட்டியதோ அங்கேதான் உரசல். அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தேன். புதுத் தாழ்ப்பாளுக்கு மெழுகுவர்த்தி தடவினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது.

பெருந்தேவி பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க லீவு நாள்ல இந்தக் கஷ்டம்?"

"உன் தம்பி மொத மொதல்ல வேலைக்கு வரான். ஒடஞ்ச கதவக் காட்டுனா நம்ம மானம் இன்னா ஆவறது?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. பாசத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அழுகை முடிந்ததும் அவள் குவாலிட்டி செக்கிங்கில் இறங்கினாள்.

"தொறந்தா கிறீச்னுதே."

கீலுக்கு எண்ணெய் விட்டேன்.

"அடில வெளிச்சம் வருது பாருங்க. தம்பிக்கு வெளிச்சம் ஆவாது."

எனக்கும் ஆகாதே. அடியில் ரப்பர் பட்டை ஒட்டினேன். ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்புத் தாளும் ஒட்டினேன். ரூம் தாய் வயிறு மாதிரி இருட்டாகிவிட்டது. எல்லாம் எனக்காக. ஒரு பயலுக்கும் தெரியாது.

திங்கட்கிழமை ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பினேன். அவளும் டிபன் பையோடு செருப்பு மாட்டினாள்.

"நீ எங்க?"

"எங்க லைனும் இன்னிலேர்ந்து நைட்டு. ஒரு மாசம்."

"சொல்லவேயில்ல?"

"நீங்க கதவு வேலையா இருந்தீங்க."

"ஜெகதீஷு?"

"வருவான், வருவான்."

போகட்டும். அவளும் நானும் உள்ளே, அவன் வெளியே. இன்னும் வசதிதான். ராத்திரி முழுக்க நான் ரிப்பேர் பார்த்த ஒவ்வொரு மெஷினிலும் எனக்கு அந்தக் கட்டில்தான் தெரிந்தது.

காலையில் கூட்டு ரோட்டில் ஒரு டிரெய்லர் குறுக்கே நின்றுவிட்டதால் பஸ் முக்கால் மணி லேட். மச்சினன் முந்திவிட்டானோ என்று பதறி ஓடி வந்தேன். வாசலில் பெருந்தேவியின் செருப்பு மட்டும்தான் இருந்தது. பெருமாளே என்று மூச்சு விட்டு, நேராக ரூமுக்குப் போய்க் கதவைத் தள்ளினேன்.

நகரவில்லை.

"தேவி, தொற."

"யாரு?"

"நாந்தான்."

"இன்னா வேணும்?"

"தூங்கணும்."

"ஹால்ல பாய் போட்டு வெச்சிருக்கேன்."

"ஏன், ஜெகதீஷ் உள்ள கீறானா?"

"அவன் கம்பெனி ஹாஸ்டல்ல கீறான். மூணு மாசம் ஆவுது."

தூக்கம் கொஞ்சம் கலைந்தது. "திங்கக்கெழம வரான்னியே?"

"எந்தத் திங்கக்கெழமன்னு நீங்க கேட்டீங்களா?"

"சரி, தொறந்து தொல. கட்டில் ரெண்டு பேரு படுக்கறதுதானே?"

"ராத்திரில ஒங்க கொறட்டைய நாலு வருஷமா பொறுத்துக்கினேன். பகல்லயும் பொறுக்க என்னால முடியாதுங்க. நைட்டு போடப் போறாங்கன்னு போன மாசமே தெரியும். அதுக்குத்தான் கதவு, கதவுன்னு அடிச்சிக்கினேன்."

"கதவ சரி பண்ணவன் நானு தேவி."

"கம்பெனில மெஷின ரிப்பேர் பண்ணிட்டு நீங்களே அதுல குந்திக்கினு ஓட்டுவீங்களா? புரொடக்‌ஷன் கைல ஹேண்ட் ஓவர் குடுத்துட்டு, டூல் பாக்ஸ எடுத்துக்கினு போயினே இருப்பீங்க இல்ல? நா புரொடக்‌ஷன்."

தோளைக் கொடுத்து ஒரு முட்டு முட்டினேன். கதவு துளி அசையவில்லை. தோள் வலித்தது, வேலை நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷமாகவும் இருந்தது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் அழுகைதான் வரும் போல.

ஹாலில் பாயில் விழுந்தேன். ஒரு லாரி போனது. தலைமாட்டு ஜன்னல் டமார் என்று அடித்தது. எழுந்து பார்த்தேன், கொக்கி உடைந்திருந்தது. பேப்பரை மடித்துச் செருகிவிட்டுப் படுத்தேன். அடுத்த லாரி பேப்பரைத் துப்பிவிட்டு மறுபடி அடித்தது.

"தேவி, இந்த ஜன்னலு கொக்கி ஒடஞ்சி கீது. கண்ண மூட முடியல. இன்னா பண்றது?"

உள்ளேயிருந்து ஒரு கொட்டாவி கேட்டது.

"நீங்களா சரி பண்ணிடுறீங்களா, இல்ல எங்க அம்மா வராங்கன்னு சொல்லட்டுமா?"