மச்சான் இல்லாத புரோகிராம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் உள்ள மண்டி, ரைஸ் மில் அத்தனையின் கணக்கும் பல வருஷமாக ஒரே குடும்பத்துச் சண்டையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்தை வெள்ளைப் பலகையில் படம் போட்டுப் படித்தவள் நான்.

குடும்பத்துக்குச் சொந்தக்காரர் ஒரு புரோகிராமர். ஆபீசில் நாங்கள் வைத்த பெயர் சம்பந்தி. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடிய காலத்தில், இந்தப் பக்கத்து வியாபாரிகளுக்கெல்லாம் பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தவர். விழுப்புரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சின்ன ஆபீசுக்கு, அந்தப் பழைய புரோகிராம்களைப் புது மொழிக்கு மாற்றும் வேலை வந்தது. முதல் ஆர்டர், திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டி; வேர்க்கடலையை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சீசன் ஆரம்பிக்கிற அன்றைக்குப் புதுசு ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஆர்டர் சென்னைக்குப் போய்விடும், ஆபீசுக்குப் பூட்டு, நானும் சென்னையில் ஏதாவது ஹாஸ்டலில் பல்லி விழுந்த சாம்பார் சாப்பிட வேண்டும். கண்டமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வந்து, சாயங்காலம் அம்மா கையால் சாப்பிடுகிற சுகத்தை விட எனக்கு மனசில்லை.

பழைய புரோகிராமைத் திறந்தேன். ஒரு எழவும் புரியவில்லை. ஈரச் சரக்குக்கு எடையில் கழிக்கிற ஈரக்கழிவு, சாக்கு எடை, தள்ளுபடி என்று எங்கேயும் இல்லை. எல்லாம் உறவுமுறை. அதனால்தான் பாஸ் அவரையே கூட்டிவந்து, ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்.

"ஏங்க சார், இந்த 'மாமனார்' யாரு?"

"தள்ளுபடி."

"எப்பவும் சைபராவே இருக்கே?"

"இன்னிக்கு வரைக்கும் எனக்கு அவரு ஒண்ணும் குடுத்ததில்லம்மா. வேற இன்னா போடறது?"

மொத்தத் தொகை பெரியப்பாவிடம் இருந்தது. அதை நேரடியாக எடுக்கப் பார்த்தேன், புரோகிராம் நின்றுவிட்டது. "பெரியப்பாகிட்ட யாரும் நேரா பேச முடியாது ஸ்டெல்லாம்மா. பெரியம்மா மூலமாத்தான் போவணும்" என்றார். போனேன். வந்தது. 'சித்தி' என்று ஒன்று கூப்பிட்டால் வந்து உட்கார்ந்துகொண்டு திரையை விட்டு நகரவே நகராது. "எஸ்கேப் அமுக்கு. எங்க வூட்லயும் அப்படித்தான் அனுப்புவோம்" என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை.

இந்த உறவையெல்லாம் பலகையில் கோடு போட்டு எழுதி வைத்தேன். பேக்கரிக்கு வந்த ஒரு பெரியவர் மாடியேறி எட்டிப் பார்த்துவிட்டு, "பையன் முண்டியம்பாக்கத்துல லேப்ல இருக்கான். பொண்ணு எதுனா இருக்குதா?" என்று ஜாதகத்தை நீட்டினார். சம்பந்தி அதை வாங்கிப் பார்த்து, பொருத்தமும் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. யாருடனாவது பேச்சு நின்றுபோனால், அவரைப் புரோகிராமிலிருந்து தூக்கிவிடுவார். அதனால் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு மாதிரி ஓடியது. விழுப்புரம் ரைஸ் மில்லில் சித்தியே கிடையாது. அதை எழுதும்போது சித்தியோடு நகைத் தகராறு. அங்கே வேலை செய்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

சீசன் வந்தது. சம்பந்தி கடைசியாகக் கொடுத்த பிரதியை, மொழி மாற்றும் கருவியில் போட்டு எடுத்து, பெயர்களையெல்லாம் சுத்தமாக மாற்றி, திண்டிவனம் மண்டியில் ஏற்றினேன். முதல் பில் வந்தது. மல்லாட்டை கொண்டுவந்த விவசாயி அதை வாங்கிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். மடித்து ஜோபியில் வைத்துக்கொண்டு வெளியே போய் போனில் கத்தினார்: "டேய், ஜல்தி மூட்டைய ஏத்திக்கினு வாடா! இங்க ஈரத்துக்குக் கழிக்கவே இல்லடா!"

மண்டிக்காரர் முகம் செத்துவிட்டது. முந்தின நாள்தான் மழை. வந்திருந்த மல்லாட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும்.

"எவ்ளோ கழிக்கணும் சொல்லுங்க, கையால போட்டுடலாம்" என்றேன்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்? அதெல்லாம் மிஷினுதான் கழிக்கும். சாயங்காலத்துக்குள்ள கழிக்கலன்னா சென்னைக்காரன வரச் சொல்லிடுவேன்" என்றார்.

சம்பந்தி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து பச்சை மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். ஈரக்கழிவு எங்கே என்று கேட்டேன்.

"அது மச்சான். எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா?"

"பையன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சிக்கிறான். டயர் கடைக்காரன் பேருக்குக் கீழ என் பேரு! அக்கா புருஷன் நானு. பென்டிரைவு, பழைய காப்பி எல்லாத்துலயும் தூக்கிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் அத்தனை பேர் எதிரில் கத்திவிட்டேன். "அழிக்கறதுக்கு முன்னாடி நெசமாவான்னு ஒரு வார்த்த உங்களையே கேட்டுப் பாத்தீங்களா?"

"யாரும் கேக்கல" என்றார், மல்லாட்டை உரித்தபடி. திரும்ப எழுதிக் கொடுங்கள் என்று கூட வந்திருந்த பாஸ் கும்பிட்டார். மச்சான் பேரை என் கையால் அடிக்க மாட்டேன் என்றார் சம்பந்தி. பேரே வேண்டாம், 'ஈரம்' என்று போடுங்கள் என்றேன். "பேரு எதுவா இருந்தா இன்னா? உள்ள இருக்கறது அவன்தானே!"

வேறு வழியில்லாமல் மச்சானின் நம்பரை வாங்கிப் போன் போட்டேன். அதே ஊர்தான். பத்திரிகை மூட்டையோடு பைக்கில் வந்து இறங்கினார்.

"மாமா, பிரஸ்காரன் எடம் இல்லன்னு கீழ தள்ளிட்டான்."

"எடம் இல்லன்னா டயர்காரன தள்றது!"

"அவருதான் மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாரு மாமா."

சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே மல்லாட்டை வண்டி வரிசை நீண்டுகொண்டே போனது. நான் மனசுக்குள் ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

மச்சான் தொண்டையைச் செருமினார். "பஸ் ஸ்டாண்டாண்ட பேனர் வெக்கிறோம். மாப்ளையவிட உங்க படந்தான் பெருசு."

சம்பந்தி கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே வைத்தார்.

"எந்தப் படம்? கூலிங்கிளாஸ் போட்டதா?"

"அதேதான் மாமா."

சம்பந்தி எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, புது மொழி எல்லாம் பேஜாரு, எனக்கு வராது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த மனிதர், என் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து இரண்டு விரலால் அடிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் நின்று மச்சான் டீயை ஆற்றிக் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் ஈரம் கழிந்தது. முதல் விவசாயி போனில் கூப்பிட்டு வரவழைத்தவர்கள் எல்லாரும் அவரைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஆர்டர் தப்பியது, ஆபீசும் தப்பியது. நான் இன்றைக்கும் கண்டமங்கலம் பஸ்ஸில்தான் போய்வருகிறேன். சம்பந்தி வேலையை விட்டுவிட்டு வல்லத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். இப்போது இன்னாரோடு சண்டை என்று அவ்வப்போது அவரிடமிருந்து போன் வரும்.

கொஞ்ச நாள் கழித்து, அவர் எழுதியதைச் சுத்தம் செய்யலாம் என்று திறந்தேன். 'மச்சான்' இருந்தார். சரி, எதிர்பார்த்ததுதான். அவருக்கு அடுத்து, யாரும் எழுதச் சொல்லாத ஒன்று இருந்தது. பெயர் 'ஸ்டெல்லா'. என்ன வேலை செய்கிறேன் என்று பார்த்தேன். யாராவது எதையாவது அழிக்கப் போனால், "நெசமாவா?" என்று கேட்கிறேன்.

மற்ற சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் பெயர் மாற்றிய எனக்கு, அதில் கை வைக்க மனசு வரவில்லை. ஆனால் அவருக்கு இன்னும் பாஸ்வேர்டு தெரியும். அதனால் அவர் வீட்டுக் காதுகுத்து, வளைகாப்பு எதற்கும் நான் போகாமல் இருந்ததில்லை. ஒரே ஒரு தடவை, காய்ச்சலில் படுத்துவிட்டு, அவர் பேத்தி பிறந்தநாளுக்குப் போக முடியவில்லை. மறுநாள் ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாகத் திறந்து பார்த்தேன். மச்சானுக்கு அடுத்து, அப்படியே இருந்தேன்.