நாற்காலி மாறிய நாள்

கல்யாண வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது "முடியாது" என்று சொல்லிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அவசரப்பட்டு எடுத்த முடிவு என்று யாரும் குறை சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். என் மாமியார் மூன்று மாதம் எங்களோடு வந்து தங்க வேண்டும் என்றாள் மனைவி. தாராளமாகத் தங்கட்டும். எந்த அறையில் என்பதில்தான் வம்பு. வீட்டில் எனக்கென்று இருப்பது பின்பக்கத்து அறை ஒன்றுதான். நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். கடையில் முடியாத வேலையை அங்கே வைத்து முடிப்பேன். வேலை இல்லாத நாளில் இன்னும் அதிக நேரம் இருப்பேன். அதுவும் போனால் நான் குடியிருக்க இடமில்லாத வீட்டுக்காரன்.

நேருக்கு நேர் சொல்லத் தைரியம் இல்லை. எங்கள் கடைத்தெருவில் ஆலோசகர் அம்மா ஒருவர் இருக்கிறார், குடும்பச் சண்டைகளைத் தீர்த்து வைப்பவர். அவருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவன் நான். எனவே விஷயத்தை என் பார்வையில் பார்ப்பார் என்று நம்பினேன். நமக்குள்ளே பேச்சே குறைந்துவிட்டது, ஒரு தடவை போய் வரலாம் என்று மனைவியிடம் நைசாகப் போட்டு வைத்தேன். மறுப்பாள் என்று நினைத்தால், அவள் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். எனக்கு ஒரே சந்தோஷம். அங்கே பலகையில் "மனநலம்" என்று எழுதியிருந்தது. மனைவி நலத்தைத்தான் சுருக்கி எழுதியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

ஆலோசகர் முதலில் என் சின்ன வயதைக் கிளறினார். அம்மா சத்தம் போட்டால் அப்பா என்ன செய்வார்? சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார் என்றேன். மனைவி சத்தம் போட்டால் நீங்கள்? கண்ணாடி துடைக்கப் போய்விடுவேன். எழுதிக்கொண்டார். நாம் வளர்ந்த வீடு நம்மை விட்டுப் போவதே இல்லை, தலைக்குள்ளேயே இருந்துவிடும் என்றார்.

"அங்கேயாவது எனக்குத் தனி ரூம் உண்டாங்க?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மனைவியின் கதையும் வந்தது. ஆறு பிள்ளைகளில் இவள் கடைக்குட்டி. என்ன சொன்னாலும் யார் காதிலும் விழாதாம். அதனால் உரக்கப் பேசியே பழகிவிட்டதாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. பின்பக்கத்து அறை ஞாபகம் வந்ததும் மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

அடுத்தது ஒரு பயிற்சி. இருவரும் நாற்காலி மாறி உட்கார வேண்டும். இனி நான்தான் அவள், அவள்தான் நான். அப்படியே பேசிப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும். எனக்குத் தாங்க முடியாத குஷி. பதினெட்டு வருஷமாகக் கேட்டதில் அவள் வசனம் அத்தனையும் மனப்பாடம். வீட்டில் நான் படும் பாட்டை ஆலோசகர் கண்ணாரப் பார்க்கட்டும், நியாயம் தானாக என் பக்கம் சாயும் என்று கணக்குப் போட்டேன்.

இடுப்பில் கையை வைத்துக்கொண்டேன்.

"எங்க அம்மா வரணும். மூணு மாசம் என்ன மூணு மாசம், ஆறு மாசம் இருப்பாங்க. அந்தப் பின்ரூமை இன்னைக்கே காலி பண்ணுங்க. அங்க உக்காந்து அப்படி என்ன கிழிக்கிறீங்க?"

என் நாற்காலியில் இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். இல்லாத கண்ணாடியைக் கழற்றி, இல்லாத துணியால் துடைத்தாள். அச்சு அசல் நானேதான்.

"சரிம்மா," என்றாள். "ஆறு மாசம் இருக்கட்டும். ரூமை நானே ஒழிச்சுத் தர்றேன்."

ஆலோசகர் பேனாவை மூடிவிட்டார். இவ்வளவு சீக்கிரம் தீர்ந்த பிரச்சினையை அவர் பார்த்ததே இல்லையாம்.

அவசரமாக இடுப்பிலிருந்து கையை எடுத்தேன். "ஆறு மாசம்னு கேட்டது நான் இல்லைங்க. அப்ப நான் இவளா இருந்தேன்."

"அது இருக்கட்டும்," என்றார் ஆலோசகர். "சரின்னு சொன்னது?"

"அதுவும் நான் இல்லைங்க. அது இவ."

"நீங்களே அந்த நாற்காலியில இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? மனசைத் தொட்டுச் சொல்லுங்க."

மனைவி என் பக்கம் திரும்பினாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

"சரின்னுதான் சொல்லியிருப்பேன்," என்றேன்.