பாகலூர் கிராமர் சாமி

வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய்விட்டான். அவனுடைய கிராமர் மட்டும் போகவில்லை. பாகலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளை எஸ்.எஸ்.எல்.சி.யில் வருஷந்தோறும் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் தீர்த்தகிரி சாமி. தேனில் வசம்பைத் தோய்த்து நாக்கில் எழுதுவார். இங்கிலீஷ் தானாகப் பொழியுமாம். சரஸ்வதி எப்போது சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷை பேசும் கூட்டம் மூன்று பாஷையிலும் கும்பிட்டது. பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வாத்தியார் ராமப்பனே நாக்கை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார் என்றால் பாருங்களேன்!

கீரை விற்கும் நஞ்சம்மாவும் மகள் சம்பங்கியை இழுத்து வந்தாள். சம்பங்கி இங்கிலீஷில் ஒருமுறை தோற்றவள். இந்தத் தடவையும் தோற்றால் கல்யாணம். தேறினால் நர்ஸ் படிப்பு. சாமி காணிக்கையாக ராகி மூட்டையை வாங்கிக்கொண்டு ஒரு நிபந்தனையும் போட்டார்.

"பரீட்சை வரைக்கும் புத்தகத்தைத் தொடக்கூடாது. தொட்டா மந்திரம் கலைஞ்சிடும்."

"அம்மா, நீ கன்னடம் பேசறியே, எந்தச் சாமி உன் நாக்குல எழுதினாரு? சந்தையில தப்புத்தப்பாப் பேசித்தானே கத்துக்கிட்ட?" என்றாள் சம்பங்கி.

"வாய மூடு. சாமி காதுல விழுந்துடப் போகுது."

சாமி தன் அற்புதத்தை முன்னே நிறுத்தினார். கூடவே கூட்டி வந்த, மாடு மேய்க்கும் திம்மப்பன். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவன். கண்ணை மூடிக்கொண்டு முழங்கினான்:

"எஸ்டர்டே ஐ வெண்ட் டு தி மார்க்கெட் அண்ட் பாட் எ பஃபலோ!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சம்பங்கி எழுந்தாள்.

"அண்ணா, நேத்து சந்தைக்குப் போயி எருமை வாங்கினேன்னு சொன்னீங்க. நாளைக்குப் போய் வாங்குவேன்னு சொல்லுங்க."

திம்மப்பன் சாமியைப் பார்த்தான். பிறகு முழங்கினான்: "எஸ்டர்டே ஐ வெண்ட் டு தி மார்க்கெட் அண்ட் பாட் எ பஃபலோ!"

"சரி. எருமையே வாங்கலைன்னு சொல்லுங்க."

"எஸ்டர்டே ஐ வெண்ட்..."

கூட்டத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. காது இருந்தது. எருமை வியாபாரி கரியப்பன் எழுந்தே விட்டான்.

"ஏம்பா, வாங்கினாலும் அதே சத்தம், வாங்கலைன்னாலும் அதே சத்தமா? இப்படிப் பேசறவனுக்கு நான் எருமையை அவுத்துக் குடுப்பனா?"

சாமிக்கு வியர்த்தது. "எங்கே, நீ பேசு பார்க்கலாம்!" என்று சம்பங்கி மேல் பாய்ந்தார்.

அவளும் பேசினாள்: "டுமாரோ ஐ வில் கோ. ஐ வில் நாட் பை எ பஃபலோ. எஸ்டர்டே ஐ... கோட்."

"கோட் தப்பு! வெண்ட்!" வரிசையில் நின்ற ராமப்பன் பழக்கதோஷத்தில் கத்திவிட்டார்.

"பார்த்தீங்களா, தப்பு!" என்று சாமி துள்ளினார்.

"தப்புதான் சாமி. நேத்து நடந்ததைச் சொல்ல வாக்குக்கு வாக்ட், டாக்குக்கு டாக்ட். அப்போ கோவுக்கு கோட்னு நானா யோசிச்சேன். இனிமே வெண்ட்னு சொல்லுவேன். திம்மப்பண்ணன் தப்பே பண்ணல. ஏன்னா யோசிக்கவே இல்ல."

திம்மப்பன் உடைந்துபோனான். "எனக்கு அது ஒண்ணுதான் தெரியும் தாயி! சாமி மாசக்கணக்கா உருப்போட வச்சாரு. அதுல எருமை இருக்குன்னே இப்பத்தான் தெரியுது!"

சாமி வண்டியைப் பூட்டச் சொன்னார். கரியப்பன் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு, காணிக்கை மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிய பிறகுதான் விட்டான். நஞ்சம்மா ராகியைத் தலையில் தூக்கிக்கொண்டு, "வீட்டுக்கு வா, புத்தகத்தை எடு" என்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

சம்பங்கி தேறினாள். பிரமாதமாக அல்ல, தேறினாள். ராமப்பன் வாத்தியார் கொஞ்ச நாளைக்கு யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

தீர்த்தகிரி சாமி இப்போது வேறோர் ஊரில் கணக்குச் சாமியாக இருப்பதாகக் கேள்வி. அங்கேயும் வரிசை நீளமாம். அடுத்த முறை நாக்கை நீட்டுவதற்கு முன்னால் மூளையைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள், ஐயாமாரே! வலிக்காது.