முன்தண்டுக்காரர் போட்ட பஸ்கி

அறுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, பிள்ளையார்பாளையம் கலியாணசுந்தரம் ஒரு சபதம் எடுத்தார். வருகிற பங்குனி உத்திரத்துக்கு மயில் வாகனத்தில் முருகரைத் தூக்கும்போது, நாலு வீதியில் ஓர் இடத்தில்கூடத் தன் முழங்கால் ஆடக்கூடாது!

பதினோரு வருஷமாக, வாகனத்தைத் தூக்குகிற முன்தண்டில் வலப்பக்கம் அவருடைய இடம். முன்தண்டு என்றால் சும்மாவா? ஊரே பார்க்கிற இடம் ஐயா அது. பின்தண்டுக்காரன் முகம் அவன் வீட்டாருக்கே தெரியாது. போன வருஷம் தெற்கு வீதித் திருப்பத்தில் அவருக்கு முழங்கால் லேசாக ஆடிவிட்டது. அதைப் பார்த்தவன் ஒரே ஒருத்தன். ஐயம்பேட்டை வீரபத்திரன், மனைவி தில்லையம்மாளின் கூடப்பிறந்த தம்பி. பத்து வயது இளையவன், ஆனால் அவர் உயரமே இருப்பான். தோளுக்குத் தோள் சமமாக இருக்கிறவனைத்தான் தண்டில் நிறுத்துவார்கள்.

"மாமா, கால் வலிச்சா சொல்லுங்க. நான் மாத்திக்கிறேன்" என்று அவன் அன்றைக்குச் சிரித்தானே, அந்தச் சிரிப்பை அவரால் மறக்கவே முடியவில்லை.

ஆகவே, பஸ்கி. வெறும் பஸ்கி எதற்கு ஆகும்? பாரம் வேண்டாமா? பரணில் பழைய படமரம் ஒன்று கிடந்தது. நெய்த சேலையைச் சுருட்டுகிற கனத்த தேக்கு மரம். அதை எடுத்துப் பிடரியில் வைத்துக்கொண்டு குந்தினார், எழுந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதில் கழுத்துக்குள் 'மளுக்' என்றது.

"தில்லே!"

தில்லையம்மாள் ஓடிவந்தாள். மரம் ஒரு பக்கம் கிடக்கிறது, புருஷன் ஒரு பக்கம் கிடக்கிறார்.

"இன்னாங்க இது?"

"ஒண்ணுமில்ல. மரத்தை இறக்கி வெச்சேன்."

"கழுத்து மேலயா இறக்கி வெச்சீங்க?"

எலும்பு வைத்தியர் நமச்சிவாயம் வந்து எண்ணெய் போட்டு நீவிவிட்டு, கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டினார். "ரெண்டு மாசத்துக்குத் தோள்ல ஒரு துரும்புகூட ஏறக்கூடாது. தலை குனியவும் கூடாது. மீறினா, அப்புறம் ஆயுசுக்கும் கழுத்து திரும்பாதுப்பா."

உத்திரத்துக்கு நாற்பது நாள்தான் இருந்தது. கலியாணசுந்தரத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"காலுக்கு?" என்றார் ஈனசுரத்தில்.

"காலுக்கு இன்னா கேடு? கழுத்துக்கு நோவு இல்லாம இன்னா வேணா செய்."

இது போதாதா! கழுத்து நாற்பது நாளில் தானாகச் சரியாகிவிடும் என்று அவரே தீர்ப்பு சொல்லிக்கொண்டார். காலைத் தயாராக வைத்துக்கொண்டால் முன்தண்டு தப்பும். இன்னொரு லாபமும் உண்டு. தலை குனியக்கூடாது என்றால் தறியில் உட்கார முடியாது அல்லவா? பாதி நெய்த அரக்குக் கல்யாணச் சேலை தறியிலேயே நிற்க, ஐயா புழக்கடையில் இறங்கிவிட்டார். சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தபடி நூறு எண்ணுவார். கிணற்றடித் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி வைப்பார். துவைக்கிற கல்லின்மேல் ஐம்பது தடவை ஏறி இறங்குவார். கழுத்து மட்டும் அசையாது.

ஐந்தாம் நாள் தில்லையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கல்லு மேல ஏறி இறங்கிக்கினு இருக்கீங்களே, இன்னா வேண்டுதல்?"

"பயிற்சிமா. கழுத்துக்கு ஓய்வு, காலுக்கு வேலை. வைத்தியரே சொல்லிட்டாரு."

"அப்போ தறியில உட்காருங்க. மிதிக்கிறது காலுதானே?"

"குனிஞ்சு பார்க்கணுமே! கூடாதுன்னு சொன்னாரு இல்ல?"

"நீங்க ஏன் குனியணும்? பக்கத்துல உட்கார்ந்து நான் பார்க்கிறேன். நீங்க நிமிர்ந்தபடியே மிதிச்சுக்கினு இருங்க."

வசமாக மாட்டிக்கொண்டார். ஆனாலும் ஆண்பிள்ளை அல்லவா, பேரம் பேசாமல் விடுவாரா?

"சரி. ஆனா உத்திரத்தன்னிக்கு நான் தண்டுக்குத் தோள் குடுக்கப் போவேன். நீ குறுக்க ஒரு வார்த்தை பேசக்கூடாது."

தில்லையம்மாள் அவர் கழுத்துத் துண்டை இழுத்துச் சரிசெய்தாள். "அன்னிக்கு நான் வாயே திறக்கமாட்டேன். போதுமா?"

எப்படி மடக்கினேன் பார்த்தாயா என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு மாதம் நன்றாகத்தான் போயிற்று. கல்யாணமான புதிதில் இதே தறியில், வலது பக்கம் உட்கார்ந்து, சேலைக்கரைக்கு நூல் ஓட்டுகிற கரைநாடாவைத் தள்ளிக்கொடுத்தவள் அவள்தான். பிள்ளைகள் பிறந்தபிறகு அது விட்டுப்போயிருந்தது. இப்போது தறிக்குழிக்குள் காலை விட்டு, எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டு அவர் மிதிக்க, அவள் துணியைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

"ம், மிதிங்க. நில்லுங்க நில்லுங்க, ஒரு இழை அறுந்துடுச்சு. முடிச்சிட்டேன், மிதிங்க."

"தில்லே, அப்போ நீ இங்க உட்கார்ந்தா மல்லிப்பூ வாசனை வரும்."

"இப்போ?"

"இப்போ பெருங்காயம்."

தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. கழுத்தைத் திருப்ப முடியாததால், அவள் சிரித்த முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. சேலை முடிந்து தறியை விட்டு இறங்கியபோது, அவர் கால் இரண்டும் கல்லாக இருந்தன.

உத்திரத்தன்று காலை, கழுத்து இன்னும் முக்கால்தான் திரும்பியது. தில்லையம்மாள் வேட்டி எடுத்துக் கொடுத்தாள், நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போனார். முன்தண்டின் வலப்பக்கத்தில் வீரபத்திரன் நின்றுகொண்டிருந்தான்!

"டேய், இன்னாடா இது?"

"உங்க கழுத்து சுளுக்கின அன்னிக்கு சாயங்காலமே அக்கா வந்து உங்க இடத்துல நிக்கச் சொல்லிட்டுப் போச்சே மாமா. உங்ககிட்ட சொல்லலையா?"

தண்டுக்காரர்களுக்குத் தலைவர் கோதண்டபாணி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கோச்சுக்காதப்பா. சாமி வேலை இல்லன்னா மனசு ஒடைஞ்சுடுவாரு, கழுத்துக்குப் பாரம் இல்லாத வேலையா குடுங்கன்னு உன் சம்சாரம் கண்ணுல தண்ணி விட்டுடுச்சு" என்று சொல்லி, ஓர் ஆயக்காலை அவர் கையில் கொடுத்தார். சாமி நிற்கும் இடங்களில் தண்டுக்கு முட்டுக்கொடுக்கிற கவைக்கட்டை அது. தரையில் அடி வழுக்காமல் ஒருவர் குந்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். புறப்படும்போது எழுந்து முன்னால் ஓட வேண்டும்.

நாலு வீதியிலும் நாற்பத்தேழு இடத்தில் கற்பூரம் காட்டினார்கள். நாற்பத்தேழு தடவை குந்தி எழுந்தார் கலியாணசுந்தரம். கால் நடுங்கவே இல்லை. தெற்கு வீதித் திருப்பத்தில் தண்டை ஆயக்காலில் இறக்கும்போது வீரபத்திரனின் முழங்கால்தான் ஆடியது. அதைக் குந்தின இடத்திலிருந்து கண்ணாரப் பார்த்து அவர் மனம் குளிர்ந்தார்.

அடுத்த வருஷம் கழுத்து பழையபடி ஆகிவிட்டது. இந்த முறை அவளுக்கு முந்திக்கொள்ள வேண்டும் என்று, மாசி பிறந்த அன்றைக்கே கோதண்டபாணி வீட்டுக் கதவைத் தட்டினார்.

"முன்தண்டு எனக்குத்தான். இப்பவே சொல்லிட்டேன்."

கோதண்டபாணி தலையைச் சொறிந்தார். "உனக்கு ஆயக்கால்தான்னு, உன் சம்சாரம் தையிலேயே வந்து சொல்லிட்டுப் போயிடுச்சேப்பா!"