டப்பாவுக்குள் ரவா லட்டு ஆறு

எந்த வேலையையும் அளவோடு செய்யத் தெரியாதவர்கள் என்று சிலர் உண்டு. நான் அந்த ஜாதி. கொலுவுக்கு மூன்று படி போதும் என்றால் ஒன்பது படி கட்டி, டிவியைத் தூக்கிக் குளியலறை வாசலில் வைக்கும்படி செய்துவிடுவேன். இந்தக் குணத்தால் நான் அசடு வழிந்த சந்தர்ப்பங்கள் ஏராளம். ஆனாலும், பெற்ற மகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் பேர்வழி என்று கிளம்பி, டில்லி ஜனக்புரியில் எங்கள் பிளாக்குக்குள் போலீஸ் ஜீப்பை வரவழைத்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஈடாக வேறு எதையும் சொல்ல முடியாது.

தொண்ணூறுகளின் கடைசி அது. என் கணவர் சேகருக்குப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் வேலை. இரண்டாவது மாடியில் ஃப்ளாட். எங்கள் ஒரே மகள் நித்யா அப்போது இரண்டாம் வகுப்பு. வீட்டில் தமிழ், படி இறங்கினால் ஹிந்தி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்று மூன்று பாஷையிலும் வாய் ஓயாமல் பேசுகிற குழந்தை. ஞாயிறு காலைகளில் எங்கள் ஹாலில் நான் தமிழ் வகுப்பு நடத்தினேன். அக்கம்பக்கத்துத் தமிழ்க் குழந்தைகள் ஐந்து பேர், ஆறாவதாக நித்யா. (டீச்சருக்கு என்ன தகுதி என்று கேட்காதீர்கள். ஹால் என்னுடையது, அவ்வளவுதான்.)

அந்த வருடம் பள்ளியில் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னபோது நித்யா ஓரிடத்தில் தடுமாறியிருக்கிறாள். வகுப்பு மொத்தமும் சிரித்துவிட்டது. அன்றோடு சரி, எந்த பாஷையிலும் அவள் வாய்விட்டு வாசிப்பதில்லை. புத்தகத்தை நீட்டினால் தொண்டை வலி என்பாள். அவளுடைய மிஸ் என்னைக் கூப்பிட்டு, குழந்தைக்குப் படிக்கவே வரவில்லையோ என்று சந்தேகமாக இருப்பதாகச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தேன். கிளிக் கதையைத் தங்கு தடையில்லாமல் வாசித்தாள். பூரித்துப்போய் எட்டிப் பார்த்தால், அவள் விரல் வைத்திருந்த பக்கத்தில் மாட்டுவண்டிப் படம் இருந்தது. கதை முழுவதையும் நான் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். நான் சமையலறைக்குப் போய்த் தேவையே இல்லாமல் இரண்டு வெங்காயம் நறுக்கினேன்.

“அவளா படிப்பா, விடு. நீ துரத்தத் துரத்த அவ ஓடத்தான் செய்வா” என்றார் சேகர்.

விடுகிற ஆளா நான்? ஒரு பத்திரிகையில், வாசிப்பை விளையாட்டாக்குங்கள் என்று யோசனைகள் போட்டிருந்தார்கள். அத்தனையையும் ஒரே வாரத்தில் செய்தேன். வீட்டுச் சாமான் ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டினேன். கதவு, நாற்காலி, வாளி என்று போய், கை நிற்காமல் சேகரின் சட்டை முதுகிலும் ‘அப்பா’ என்று ஒட்டிவிட்டேன். மனிதர் அதோடு ஆபீஸுக்குப் போய்விட்டார். (அங்கே இருந்த ஒரே தமிழ்க்காரர் மதியச் சாப்பாடு வரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். புண்ணியவான்.) அப்புறம் எழுத்துத் தோசை. ‘ப’ சுலபமாக வந்தது. ‘ழ’வைத் திருப்பிப் போடுவதற்குள் கல்லோடு ஒட்டிக்கொண்டது. நித்யா எல்லா எழுத்தையும் சட்னி தொட்டுச் சாப்பிட்டாளே தவிர, ஒன்றையும் வாசித்துக் காட்டவில்லை.

கடைசியில் பலித்தது புதையல் வேட்டை. ‘அரிசி டப்பாவுக்குப் பின்னால் பார்’ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்தேன். உதடு அசையாமல் சற்று நேரம் அதைப் பார்த்தாள். பிறகு நேராக அரிசி டப்பாவிடம் ஓடினாள். அங்கே இன்னொரு காகிதம், அதிலிருந்து அலமாரி, அலமாரியில் ஒரு சாக்லேட். நான் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். என் பெண்ணுக்கு வாசிக்கத் தெரிகிறது! வாய்தான் திறக்கவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நான் நல்ல தாய். நிறுத்தவில்லை. ஆறு குழந்தைகளுக்கும் சேர்த்து, பிளாக் முழுக்க ஒரு புதையல் வேட்டை வைப்பது என்று தீர்மானித்தேன். ஒவ்வொரு காகிதத்தையும் யாராவது ஒருவர் எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். கடைசிக் காகிதம் நித்யாவுக்கு.

“அம்மா, என்னோடது மட்டும் நான் மனசுக்குள்ள படிச்சுக்கறேன், ப்ளீஸ்” என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாரும் சத்தமா படிக்கறப்போ நீ மட்டும் எப்படிடா கண்ணு? அம்மா பக்கத்துலயே நிப்பேன்” என்றேன். அவள் புடவையை விட்டுவிட்டாள். அந்தக் கை விட்ட விதம் இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் தேர்ந்தெடுத்த நாள், குடியரசு தினத்துக்கு முந்திய ஞாயிறு. ஜனவரிக் குளிரில் அன்றைக்கு நல்ல வெயில் வரும் என்பது மட்டுமே என் கணக்கு. அந்த நாட்களில் டில்லி எப்படி இருக்கும் என்பதை மறந்தே போனேன். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று மார்க்கெட்டில் ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருக்கும். ‘உங்கள் ஸீட்டுக்கு அடியில் பாருங்கள், வெடிகுண்டு இருக்கலாம்’ என்று பஸ்ஸுக்கு பஸ் எழுதியிருக்கும். தினமும் அந்த பஸ்ஸில்தான் போய்வந்தேன், படித்த மகராசி.

காலை ஒன்பது மணிக்கு, சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கையில் துணிப்பையோடு கீழே இறங்கினேன். சேகர் நாக்பூருக்கு டூர் போயிருந்தார். பம்ப் ரூம் கதவில் ஒரு காகிதம். கீழ் வீட்டு அரோரா சாஹபின் ஸ்கூட்டர் ஸீட்டுக்கு அடியில் ஒன்று. (அதன் பூட்டு கெட்டுப்போனது பிளாக்குக்கே தெரியும்.) பார்க் ஊஞ்சல் சங்கிலியில் கடைசிக் காகிதம். புதையல் பையை சிமெண்ட் பெஞ்சுக்குக் கீழே தள்ளினேன். பைக்குள் ஸ்டீல் டப்பா, டப்பாவுக்குள் ரவா லட்டு. பக்கத்தில் எங்கள் வீட்டு அலாரம் டைம்பீஸ். பத்தரைக்குள் கண்டுபிடிக்காவிட்டால் மணி அடிக்கும், ஆட்டம் முடிந்தது. இந்த டைம்பீஸ் யோசனை பத்திரிகையில் வந்ததல்ல, என் சொந்த மூளை. வேறு யாராவது காகிதத்தை எடுத்துப் படித்துவிட்டால் என்ற கவலையும் எனக்கு இல்லை. தமிழில் எழுதியிருப்பதை இந்த பிளாக்கில் எவரால் படிக்க முடியும்? அதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை என்று நினைத்தேன்.

மேலே வந்து ஆறு பேருக்கும் பால் கொடுத்து, வழக்கம்போல வளவளவென்று விதிமுறைகளை விளக்கிக்கொண்டிருந்தபோது, கீழே விசில் சத்தம் கேட்டது. விடாமல் கேட்டது.

நடந்தது இதுதான். அரோரா சாஹப் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர், எங்கள் பிளாக் சங்கத்தின் செயலாளர். வண்டி எடுக்கும் முன் பெட்ரோல் பார்க்க ஸீட்டைத் தூக்கியிருக்கிறார். உள்ளே மடித்த காகிதம், அதில் ஜிலேபி ஜிலேபியாக ஏதோ எழுத்து. உஷாராகி பிளாக்கைச் சுற்றியதில் பம்ப் ரூமில் ஒன்று, ஊஞ்சலில் ஒன்று. பெஞ்சுக்குக் கீழே ஒரு பை. குனிந்து காதைக் கொடுத்தால், டிக் டிக். காவல்கார சௌகிதாரிடம் விசிலைப் பிடுங்கி ஊதிவிட்டுப் போலீஸுக்கு போன் செய்துவிட்டார்.

நான் குழந்தைகளோடு இறங்கியபோது, ஜனங்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்த பார்க் காலி. வேர்க்கடலைத் தோல் மட்டும் கிடந்தது. பிளாக் மொத்தமும் வேலிக்கு இந்தப் பக்கம் கூடி நிற்க, ஒரு போலீஸ் அதிகாரி மூன்று காகிதங்களையும் பிடித்துக்கொண்டு, இது எந்த பாஷை என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் டில்லியில் குடியிருந்து சேர்த்த ஹிந்தி எல்லாம் அந்த நிமிஷம் என்னைக் கைவிட்டது.

“ஜீ, மேரா பேக். அந்தர் லட்டூ” என்றேன், என் பை, உள்ளே லட்டு என்கிற அர்த்தத்தில்.

“லட்டூ டிக் டிக் கர்தா ஹை?” என்றார் அவர். லட்டு டிக் டிக் என்று அடிக்குமா என்கிறார்.

நியாயமான கேள்வி. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, ஹிந்தியில் சொல்லுங்கள் என்று மேலே இருந்ததை நீட்டினார். பம்ப் ரூம் கதவில் இருந்தது அது. நான் வாசித்து, வார்த்தைக்கு வார்த்தை ஹிந்தியில் சொன்னேன்: அரோரா மாமாவின் ஸ்கூட்டர் ஸீட்டுக்கு அடியில் பார்.

பஸ்ஸில் எழுதியிருக்கும் அதே வாசகம், அரோராவின் பெயரோடு. அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதினவளே அர்த்தம் சொன்னால் எப்படி நம்புவது என்றார் அதிகாரி. இதைப் படிக்கத் தெரிந்த வேறு யாராவது இங்கே உண்டா?

நான் என் மாணவ மணிகளைத் திரும்பிப் பார்த்தேன். ஐந்து பேரில் பெரியவள் லதாவுக்குப் பதினோரு வயது. கண் நிறையத் தண்ணீரோடு, “ஆன்ட்டி, எனக்குப் பாட்டுதான் தெரியும்” என்றாள். மற்ற நால்வரும் அவளுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். இரண்டு வருஷ வகுப்பின் லட்சணம் பிளாக்குக்கே தெரிந்துவிட்டது.

அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து நித்யா முன்னால் வந்தாள். குரங்குக் குல்லாயை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டுக்கொண்டு, “அங்கிள், முஜே ஆதா ஹை” என்றாள். எனக்குத் தெரியும் என்கிறாள்.

அதிகாரி குந்தி உட்கார்ந்து ஊஞ்சல் காகிதத்தை அவளிடம் கொடுத்தார். அவளுக்கென்று நான் எழுதிய கடைசிக் காகிதம். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம்டா, மனசுக்குள் படி என்று சொல்லத் துடித்தேன். பக்கத்திலேயே நிற்பேன் என்று சொன்னவள், நின்றேன், அவ்வளவுதான்.

“பெஞ், சுக்கு, கீழே, பை” என்று வாசித்தாள். நிறுத்தினாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் எங்கே தடுமாறுகிறாள் என்று கண்டுபிடிக்க அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர ஒருவருமில்லை. அரோரா சாஹப் வேதம் கேட்பவரைப்போல் கைகட்டி நின்றார். நித்யா ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டாள். அடுத்த வரியில் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

“பைக்குள் டப்பா. டப்பாவுக்குள், ரவா லட்டு, ஆறு.”

பத்தரை ஆனது. அலாரம் அடித்தது.

அதற்கப்புறம் நடந்ததை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் தரையில் இருந்தேன். என் மேல் லதாவும், லதா மேல் சௌகிதாரும் கிடந்தார்கள். அரோரா சாஹப் ராணுவப் பயிற்சி வீண்போகாமல் ஒரே பாய்ச்சலில் அங்கே நின்ற ஒரு காருக்குப் பின்னால் போயிருந்தார். போலீஸ் அதிகாரியின் தொப்பி தனியாக உருண்டது. அலாரம் வைத்தது நான், என் வீட்டு டைம்பீஸ், ஆனாலும் நானும் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன். நித்யா மட்டும் நின்றாள். தினமும் காலையில் அவளைப் பள்ளிக்கு எழுப்புகிற மணி அது, அவளுக்கு என்ன பயம்? சத்தம் ஓயும்வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, காகிதத்தை நிமிர்த்திப் பிடித்துக் கடைசி வரியையும் வாசித்தாள்.

“பயப்படாமல் எடு.”

வாசித்துவிட்டு, தரையில் கிடந்தவர்களுக்காக அதை ஹிந்தியிலும் சொன்னாள்.

ஒரு கான்ஸ்டபிள் நீளக் கம்பால் பையை இழுத்தார். டப்பா திறந்தது, லட்டு ஆறும் உதிர்ந்து ரவையாகியிருந்தது. முதலில் சிரித்தவர் அரோரா சாஹப்தான். அப்புறம் பிளாக்கே சிரித்தது, என்னைப் பார்த்துத்தான். அதிகாரி மட்டும் சிரிக்காமல், நான் மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும் என்றார். ஹிந்தியில்.

பேச்சு ஹிந்தியே எனக்கு அந்த லட்சணம். எழுத்து சுத்தமாக வராது. அரோரா சாஹப் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எழுத்துக்கும் முழித்தேன். நித்யா என் தோளில் சாய்ந்துகொண்டு, எந்த எழுத்துக்கு எங்கே கொம்பு, எங்கே புள்ளி என்று விரலால் மேஜையில் எழுதிக் காட்டினாள். என் கோணல் எழுத்தைப் பார்த்து ஒரு தடவைகூட அவள் சிரிக்கவில்லை. “ஜல்தி இல்லம்மா, மெதுவா எழுது” என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. போலீஸுக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து அரோரா சாஹபின் மனைவி எனக்குச் சர்க்கரை அதிகமாகப் போட்டு டீ கொடுத்தார்.

சாயங்காலம் சேகர் நாக்பூரிலிருந்து போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னேன். போலீஸைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. “சத்தமாவா படிச்சா?” என்றுதான் கேட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு கீழேயிருந்து அரோரா சாஹபின் குரல் வந்தது: பேட்டா, இன்றைக்கு ஸீட்டுக்கு அடியில் ஒன்றும் எழுதவில்லையா? நித்யா ஓடிப்போய் எழுதி வைத்தாள். அவர் அதை எடுத்து அவளிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார். அப்புறம் ஞாயிறுதோறும் அதே கதை. தமிழில் ஒரு எழுத்து அறியாத அந்த மனிதர் ஸ்கூட்டரில் சாய்ந்தபடி, “வாஹ், வாஹ்” என்று கேட்பார். பள்ளியிலும் அவள் மெல்ல மெல்ல வாசிக்க ஆரம்பித்தாள். எந்தப் பத்திரிகையும் சொல்லாத அந்த யோசனைதான் என் பெண்ணைத் தேற்றியது. என் பங்கு, எழுத்துத் தோசையை நிறுத்திக்கொண்டதுதான்.

வீட்டில் இன்றும் யாராவது எதற்காவது தயங்கினால், “டப்பாவுக்குள் ரவா லட்டு ஆறு” என்று ஒருவர் ஆரம்பிப்பார். மீதி வரியை மற்றவர்கள் சேர்ந்து சொல்வோம்.

நித்யா இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் அவளிடம் பத்து நாள் இருந்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக நான் தனியாக விமானம் ஏறினேன். எனக்கு உள்ளூர உதறல். விமானம் நகர ஆரம்பித்ததும் கைக்குட்டை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். மடித்த ஒரு துண்டுக் காகிதம். ‘அம்மா, ஸீட்டுக்கு அடியில் பார்’ என்று அவள் கையெழுத்து.

பக்கத்து இருக்கைக்காரர் தமிழரா என்று பார்த்தேன். பிறகு மெல்லக் குனிந்து, ஸீட்டுக்கு அடியில் தள்ளியிருந்த துணிப்பைக்குள் கையை விட்டேன். நான் வைக்காத ஒரு ஸ்டீல் டப்பா. அதன் மூடியில் இன்னொரு காகிதம் ஒட்டியிருந்தது, இரண்டே வார்த்தை. அதை நான் சத்தமாகப் படிக்கவில்லை. மனசுக்குள் படித்துக்கொண்டேன்.