கையெழுத்தும் போடாதே, கிளம்பியும் வராதே

ஹாலிஃபாக்ஸ்,
புதன்கிழமை.

அன்புள்ள அக்கா எனிட்,

உன் தம்பி ஹெட்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பெரிலும் பூனையும் உயிரோடு இருக்கிறோம். பத்திரமாக இருக்கிறோமா என்பதை வெள்ளிக்கிழமை கட்டட இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அங்கே ஸ்கார்பரோவில் உன் முழங்காலின் நலம் அறிய ஆவல்.

முதலில் முக்கியமான விஷயம். அந்த முதியோர் இல்லத்துக் காகிதத்தில் நீ கையெழுத்துப் போடாதே. அதற்காக இப்போதே கிளம்பியும் வந்துவிடாதே. சனிக்கிழமை உன் ஃபிளாட்டைக் காலி செய்தாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். "உங்களுக்கு எதுக்குடா தொந்தரவு, நான் இங்கயே ஒரு மூலையில கெடந்துட்டுப் போறேன்" என்று நீ எழுதியிருந்ததைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நானும் பெரிலும் பரணில் அறை கட்டி ஏறிவிடுவது, எங்கள் படுக்கையறை உனக்கு என்ற ஏற்பாட்டில் மாற்றமே இல்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் ஓல்டிராய்ட் சான்றிதழ் கொடுக்கும்வரை பரணில் யாரும் படுக்கக் கூடாதாம். பின்னறையையோ பரணுக்குப் போகும் புதுப் படிக்கட்டு விழுங்கிவிட்டது. நீ இப்போது வந்தால் உன்னை எங்கே படுக்க வைப்பேன்?

பரணை அறையாக்கினால் வீடு மூன்று மாடிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மேலே படுப்பவர்கள் தீப்பிடித்தால் படியிறங்கி நேரே தெருவாசலுக்கு வர வேண்டும், குறுக்கே எந்த அறையும் வரக் கூடாது. நம் வீட்டுப் படியோ முன்னறை சோபாவுக்குப் பின்னால் வந்து இறங்கியது. ஏன் அப்படி இறங்கியது என்று யோசித்துப் பார். எழுபத்தொன்பதாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு வந்த நீ, "என்னடா இது, நடை நிலக்கரிக் கிடங்காட்டம் இருட்டா கெடக்கு, அந்தச் சுவர இடிச்சுத் தள்ளு" என்றாய். அப்போது தெருவே நடைச் சுவரை இடித்து முன்னறையோடு சேர்த்துக்கொண்டிருந்தது, நானும் இடித்தேன். இப்போது அதே இடத்தில் அதே சுவரை எழுப்பியிருக்கிறேன். உன்னைக் குறை சொல்லவில்லை. சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்தது கதவுகள். படியைப் பார்த்துத் திறக்கும் ஒவ்வொரு கதவும் அரைமணி நேரம் நெருப்பைத் தாங்க வேண்டுமாம். நம் கதவுகளின் சரித்திரம் உனக்குத் தெரியும். அறுபதுகளில் அப்பா, பார்க்கப் பழசாக இருக்கிறது என்று அவற்றின் மேல் பலகை அடித்து மூடினார். எண்பதுகளில் பெரில், பார்க்கப் பழசாக இல்லையே என்று அந்தப் பலகையைப் பிடுங்கி, கதவுகளைக் கழற்றி, காரத் தொட்டியில் முக்கிப் பெயின்ட்டைக் கரைக்கிறவனிடம் கொடுத்து, திரும்பி வந்ததை மூன்று கோடைக்காலம் உட்கார்ந்து தேய்த்து மெழுகு பூசினாள். இந்தக் கதவுகள் உதவாது என்று ஓல்டிராய்ட் சொன்னதும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தம்பி, இந்தக் கதவு நூத்திப் பத்து வருஷமா எரியாம நிக்குது. உன் புதுக் கதவு எத்தன நாளா நிக்குது?" என்றாள். அவர் குரலை உயர்த்தாமல், "வீடு இன்னும் தீப்பிடிக்கலம்மா, அதான் எரியல" என்றார். அன்று அவருக்குத் தேநீர் மட்டும் வந்தது, பிஸ்கட் வரவில்லை. இந்த வீட்டில் அது போர்ப் பிரகடனம் என்பது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்.

கடைசியில் புதுக் கதவுகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். அதோடு நான் விட்டிருக்கலாம். கதவு தானாகச் சாத்திக்கொள்ள ஒரு ஸ்பிரிங்கையும் எல்லாக் கதவிலும் பூட்டினேன். "வீட்டுக்குள்ள இது கட்டாயமில்ல சார்" என்றார் ஓல்டிராய்ட். இருக்கட்டும் என்று தெருக்கதவிலும் ஒன்று போட்டேன். தெருக்கதவுக்குப் புதுப் பூட்டு வேறு. உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திறக்கலாம், வெளியே வந்தால் தானே பூட்டிக்கொள்ளும். இரண்டாவது சாவியை மார்மலேட் பார்சலில் வைத்துப் போன வாரம் உனக்கு அனுப்பினேனே, அது பிற்பாடு நீ வரும்போதுதான், இப்போது இல்லை.

இந்த ஸ்பிரிங்குகள் எங்களை அடித்துக் கொல்கின்றன. தேநீர்த் தட்டோடு வந்தால் பின்னாலிருந்து ஒரு தள்ளு. பூனை வாலை உயர்த்துவதையே விட்டுவிட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பியதும் பெரில் அடுப்படிக் கதவுக்கு உருளைக்கிழங்கு மூட்டையை முட்டுக் கொடுத்துவிடுகிறாள். திறந்தே நிற்கிற கதவு எந்த நெருப்பைத் தடுக்கும்? பேக்கன் இறைச்சி வாட்டுகிற புகை நேரே படிக்கட்டுக்குப் போகிறது, அங்கே ஒரு புகை அலாரம் கத்துகிறது, அது கத்தினால் மேல்மாடி, பரண் எல்லாம் சேர்ந்து கத்துகின்றன. கத்தினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும் என்பது விதி. பெரில் அடுப்பை அணைத்து, பேக்கனைத் தட்டில் எடுத்து மூடி வைத்து, தலை வாரி, கோட்டைத் தேடிப் போட்டுக்கொண்டு வருகிறாள். கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், நாலு நிமிஷம்.

"நாலு நிமிஷத்துல வெந்து போயிருப்ப" என்றேன்.

"வெந்தாலும் கோட்டோட வெந்தாள்னு பேராவது மிஞ்சும். டிரெஸ்ஸிங் கவுனோட அந்த எதிர்வீட்டு நோரா முன்னாடி நிக்கச் சொல்றியா?"

என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை அக்கா. ஒரு நாளைக்கு இருபது தடவை படியேறி ஒவ்வொரு கதவின் இடுக்கையும் அளந்துவிட்டு இறங்குகிறேன், இறங்கியதும் சரியாக அளந்தேனா என்று சந்தேகம் வருகிறது. வெள்ளிக்கிழமை அவர் ஒரு குறை கண்டுபிடித்தால் மறு தேதிக்கு மூன்று வாரம். அதற்குள் நீ அந்தக் காகிதத்தில் பேனாவை வைத்துவிடுவாயோ என்ற பயம்தான் என்னை அரிக்கிறது. ஆகவே மறுபடி சொல்கிறேன், கையெழுத்தும் போடாதே, கிளம்பியும் வராதே. அந்த மூன்று வாரத்துக்கு நீ எங்கே இருப்பாய் என்று கேட்காதே, யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்களுக்காகத் தேவாலயத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. வேண்டாம், மெழுகுவர்த்தி வேண்டாம். வேண்டிக்கொண்டால் போதும். உன் முழங்காலுக்குக் கடவுள் துணை, எங்கள் படிக்கட்டுக்கும் அவரே துணை.

என்றும் உன் அன்புத் தம்பி,
ஹெட்லி ஆக்ராய்ட்

பின்குறிப்பு: வியாழன் காலை, எதிர்வீட்டு நோராவின் மேசையிலிருந்து. தபாலில் போட இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஓல்டிராய்ட் ஒரு நாள் முன்னதாக, பெரில் உடை மாற்றுவதற்கு முன்பே, வந்துவிட்டார். எல்லாம் பார்த்தார், எல்லாம் சரி என்றார், சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அடுப்படி மேசையில் வைத்தார். பெரில் மனமிளகி, "உக்காரு தம்பி, ரெண்டு பேக்கன் வாட்டித் தரேன்" என்றாள். உருளைக்கிழங்கு மூட்டை கதவோரம்தான் இருந்திருக்கிறது. எல்லா அலாரமும் கத்தின. இன்ஸ்பெக்டர் முன்னால் மானம் போகக் கூடாது என்று பெரில் அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு ஓடி வந்தாள். பதினோரு விநாடி. மூவரும் தெருவில் நிற்கிறோம், பின்னால் தெருக்கதவு மெதுவாக, மிக ஒழுங்காக, சாத்திக்கொண்டது. சாவி உள்ளே, பின்கதவின் தாழும் உள்ளே. சான்றிதழ் உள்ளே. இன்ஸ்பெக்டரின் கோட்டும் கார் சாவியும் உள்ளே. பெரில் டிரெஸ்ஸிங் கவுனில், நோராவின் முன்னால். பூனை ஜன்னலில் உட்கார்ந்து எங்களைப் பார்க்கிறது.

பூட்டை உடைக்கலாமா என்று கேட்டேன். "உடைச்சா அது மாறிப்போன வாசல் சார், நான் மறுபடி வந்து பாக்கணும். மூணு வாரம் ஆகும்" என்கிறார். கொடுத்த சான்றிதழைத் திரும்ப வாங்கவும் அவரால் உள்ளே போக முடியாது என்பதுதான் ஒரே ஆறுதல். அந்தப் பூட்டுக்கு உலகத்தில் இன்னொரு சாவி உன் மார்மலேட் பார்சலில்தான் இருக்கிறது. போன் அடித்தால் ஜன்னல் விற்கிறவன்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து நீ எடுக்கவும் மாட்டாய். நோராவின் மகன் டெரெக் மீன் ஏற்றி வர இப்போது ஸ்கார்பரோ கிளம்புகிறான், இதை அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். பெட்டியைக் கட்டு, மீன் வண்டியில் முன் சீட்டில் ஏறு. தொந்தரவு என்று எழுதினாயே, நீ வராததால் இங்கே மூன்று பேர் வீட்டுக்கு வெளியே இருக்கிறோம், அதில் ஒருவர் அரசாங்க உத்தியோகஸ்தர்.

சாவியை மறந்துவிடாதே. மறந்தாலும் வா.