ஞாயிறானால் ஆடும் வண்டி

"வாயை மூடிக்கிட்டு உக்காரு ஹனிஃபே, நாக்கைக் கடிச்சுக்கப் போறே!" என்று நெவ்ஸாத் கத்தினார். கத்தும்போதே தன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஸ்டியரிங் அவர் கையில் சாமியாடியது. டாஷ்போர்டு கடகடத்தது. பக்கத்து சீட்டில் ஹனிஃபே மடியிலிருந்த பலகாரத் தட்டை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். எர்ஸுரும் ஊருக்குள் பூனை மாதிரி வந்த வண்டி, பாஸின்லர் சாலையில் ஏறிக் கொஞ்சம் வேகம் பிடித்ததும் இப்படி.

"திரும்பிடலாங்க. உசிர விடவா அக்கா வீட்டு விருந்து பெருசு?"

"அக்கா காத்துக்கிட்டிருப்பாளே!"

"போன்ல சொல்லிக்கலாம்."

திரும்பினார்கள். போனில் நெவ்ஸாத்தின் அக்கா பெஹிஜே பேசிய பேச்சில் வண்டியே நடுங்கியிருக்கும்.

தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நெவ்ஸாத்துக்குச் சொந்தமாக ஒரு கார் வாய்த்தது. ஹனிஃபேயின் தம்பி வெதாத் ஓட்டிக்கொண்டிருந்த பழைய வண்டி. அதற்கு முன்பு பாஸின்லர் அக்கா வீட்டுக்குப் பெருநாளைக்குப் பெருநாள் பஸ்ஸில் போய்வருவதோடு சரி. வண்டி வந்ததும் அக்கா, "இனி ஞாயித்துக்கிழமை ஆனா இங்கதான் சாப்பாடு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். நெவ்ஸாத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. அங்கே போனால் அவர் அடுப்போரம் சாய்ந்து, சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்தபடி தேநீர் உறிஞ்சுவார். ஹனிஃபே மாவு பிசைந்து, அக்காவின் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்குமாகச் சுண்டைக்காய் அளவில் கறிக் கொழுக்கட்டை பிடிப்பாள். "நம்ம மருமகளுங்க கைக்கு இவ்வளவு சின்னதா வராது. ஹனிஃபே கைதான் கை!" என்று அக்கா நாற்காலியில் இருந்தபடியே பாராட்டுவாள். மனைவியைத் தன் அக்கா இப்படிக் கொண்டாடுவதைப் பார்த்து நெவ்ஸாத்துக்குக் கண் கலங்கும்.

மறுநாள் காலையில் வண்டியை மெக்கானிக் யாகூப்பிடம் விட்டார். கடையில் கரி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. முன்னால் நாலைந்து வண்டிகள் நின்றன. சாயங்காலம் முறை வந்தபோது வண்டியடியில் தரை முழுக்கத் தண்ணீர். குளிர்காலத்தில் எர்ஸுரும் ஊரில் எந்தக் கடைத் தரையில் தண்ணீர் இல்லை? யாகூப் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அண்ணே, வண்டி வெண்ணெய் மாதிரி போவுது."

"நேத்து ஆடிச்சேப்பா! எலும்பெல்லாம் கழண்டு போச்சு."

"ஸ்டியரிங் ஆடல. உங்க கை ஆடுது. வயசாகுதில்ல?"

அந்த ஒரு சொல் போதும். வீம்புக்கு நாலு டயரையும் மாற்றச் சொன்னார் நெவ்ஸாத். வாரம் முழுக்கச் சந்தைக்கும் மசூதிக்கும் ஓட்டினார். ஒரு குலுக்கல் இல்லை. "பாத்தியா, டயருதான் கோளாறு" என்று ஹனிஃபேயிடம் மார்தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வண்டி போன வாரத்தைவிட அதிகமாக ஆடியது.

இறங்கிச் சுற்றிப் பார்த்தார். புது டயர், பளபளவென்று சக்கர மூடி. ஒரு குறையும் கண்ணில் படவில்லை. குளிரில் மூக்கு விறைக்க, மறுபடி ஏறி உட்கார்ந்து யோசித்தார். வாரமெல்லாம் ஆடாத வண்டி இன்றைக்கு ஏன் ஆட வேண்டும்? இன்றைக்கு வண்டியில் புதிதாக என்ன இருக்கிறது? மெதுவாகத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

"நீ உக்காந்திருக்கற பக்கந்தான் இழுக்குது."

"நான் அவ்வளவு குண்டா?"

"நான் சொல்லல. வண்டி சொல்லுது."

"அப்ப நான் இறங்கிக்கறேன். நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்று அவள் சட்டென்று கதவைத் திறந்தாள்.

"பைத்தியமா உனக்கு? நீ வராம நான் போய் என்ன பண்றது? மாவ யாரு பிசையறது?"

கதவு மெல்ல மூடிக்கொண்டது.

அன்றைக்கும் பாதியிலேயே திரும்பினார்கள். அடுத்த வாரம் அவளைப் பின்சீட்டுக்கு மாற்றி, பாரம் சரியாக இருக்கட்டுமென்று முன்னால் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை ஏற்றினார். பாஸின்லர் சாலையில் வண்டி ஆடிய ஆட்டத்தில் மூட்டை அவிழ்ந்தது. ஒரு கிழங்கு உருண்டு போய் பிரேக்கின் அடியில் சிக்கிக்கொள்ள, வண்டி சாலையோரப் பனிக்குவியலில் மூக்கைக் குத்தி நின்றது. டிராக்டர் கட்டி இழுத்தார்கள். அக்கா போனில் அழுதாள். "உன் பொண்டாட்டிக்கு எங்க வீடு கசக்குது. அதான் நீ சாக்கு சொல்றே" என்றாள்.

இந்தப் பழி நெவ்ஸாத்தால் தாங்கமுடியாதது. ஹனிஃபே மாதிரி ஒருத்தியைப் பார்த்து இப்படி ஒரு பேச்சா! ஆத்திரம் எங்காவது இறங்க வேண்டுமே. வெதாத்தின் மேல் இறங்கியது.

"உன் தம்பி அடிபட்ட வண்டியத்தான் என் தலையில கட்டிட்டான்."

"வேண்டாங்க. அவன் மேல பழி போடாதீங்க."

"வேற யாரு மேல போடச் சொல்றே?"

ஹனிஃபே விடுவிடுவென்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நெவ்ஸாத் நேரே தேநீர்க் கடைக்குப் போனார். வெதாத் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தான். கடையே கேட்க, "கூடப் பொறந்த அக்கா ஏறற வண்டின்னு தெரிஞ்சே ஓட்டை வண்டியக் குடுத்தவன்டா நீ" என்றார்.

வெதாத்தின் முகம் வெளுத்தது. கையிலிருந்த தேநீர்க் கிளாஸை மெல்லக் கீழே வைத்தான்.

"மாமா, என் பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குக் கொண்டாந்த வண்டி அது. அதுல நான் கள்ளம் வெச்சிருப்பேனா? ஞாயித்துக்கிழமை நானே ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க."

அந்த ஞாயிறு மூவரும் கிளம்பினார்கள். முன்சீட்டில் ஆண்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். பின்னால் ஹனிஃபே, "வயிறு சரியில்ல, நான் வரல" என்று இரண்டு தரம் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. ஊர் எல்லை தாண்டியது. வண்டி ஆடத் தொடங்கியது.

"இப்ப என்ன சொல்றே?" என்றார் நெவ்ஸாத், வென்றவர் குரலில்.

வெதாத் ஓரம்கட்டி இறங்கினான். புத்தம்புது கோட்டோடு பனியில் மல்லாக்கப் படுத்து வண்டிக்கடியில் கையை விட்டான். பிறகு ஜாக்கிக் கம்பியை எடுத்து ஓங்கி ஓங்கித் தட்டினான். சக்கரத்தின் உட்பக்கத்திலிருந்து, மண்டை அளவுக்குக் கல்லாக இறுகிய பனிக்கட்டிகள் பொத்துப்பொத்தென்று விழுந்தன.

"இதுதான் மாமா உங்க ஓட்டை வண்டி. உட்புறம் பனி அடைஞ்சு கெட்டிப்பட்டா சக்கரம் ஒரு பக்கமா கனத்துப் போவும். வேகம் எடுத்தா ஆடத்தான் செய்யும்."

"அது... எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுன்னா கேக்கணும். நாலு பேர் முன்னாடி மானத்த வாங்கக் கூடாது."

சாவியை சீட்டில் போட்டான். அக்காவை ஒரு பார்வை பார்த்தான். "நீயாவது எனக்காக ஒரு வார்த்த பேசியிருக்கலாம்க்கா" என்றுவிட்டு, எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டான்.

ஹனிஃபே வழியெல்லாம் அழுதாள். வண்டி ஆடவே இல்லை. அன்றைக்கு அவள் பிடித்த கொழுக்கட்டைகளில் உப்பு கூடுதலாக இருந்ததாக பெஹிஜே அக்கா சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க ஹனிஃபே தம்பிக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. நெவ்ஸாத் பலகாரப் பெட்டியோடு அவன் வீட்டுக்கே போய் நின்றார். வெதாத்தின் மனைவி கதவைப் பாதி திறந்து, "அவர் தூங்கறாருண்ணே" என்றாள். உள்ளே வெதாத் குழந்தையைக் கொஞ்சும் சத்தம் வாசல்வரை கேட்டது.

"தப்பு என்னுதுதான் ஹனிஃபே, உன்னுது இல்ல. நீ ஏன் இப்படி உருகறே?" என்று நெவ்ஸாத் மனைவியைத் தேற்றினார். "அவன் மனசு ஆறும். ஒரு நல்லது நடந்திருக்கு பாரு. நோவு தெரிஞ்சு போச்சு. இனி ஒரு ஞாயிறுகூட அக்கா வீடு தப்பாது."

ஹனிஃபே மறுபடி தம்பிக்குப் போன் போட்டாள்.

ஞாயிறு காலை. நெவ்ஸாத் சுத்தியலோடு வாசலில் அட்டையை விரித்துப் படுத்து, நாலு சக்கரங்களையும் உட்புறம் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டுப் பனி இல்லை. சந்தோஷமாக எழுந்தார். வண்டிக்குள் ஹனிஃபே, தலையில் முக்காடிட்டு, மடியில் தட்டோடு, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கொழுக்கட்டை பிடிக்கும் அந்தக் கைகள் தட்டின் மேல் அசையாமல் கிடந்தன.

எதிர்வீட்டுக்கு அதானாவிலிருந்து மாற்றலாகி வந்திருந்த வாத்தியார் இல்யாஸ், பனியையே இந்த வருஷம்தான் பார்க்கிற மனுஷன், கையைத் தேய்த்துக்கொண்டே ஓடிவந்தான்.

"அண்ணே, அந்தச் சுத்தியல கொஞ்சம் குடுங்க. போன வாரம்வரை அண்ணி சனிக்கிழமை தவறாம சக்கரத்துக்குள்ள பனிய அடைச்சுத் தண்ணி ஊத்தினாங்களா, எதுக்குன்னு கேட்டா குளிருல டயர் வெடிக்காம இருக்கத்தான்னாங்க. நானும் அதே மாதிரி செஞ்சேன், இப்ப என் வண்டி பேய் பிடிச்ச மாதிரி ஆடுதுண்ணே!"